ஆமைக்குச் சோறு போட்ட கதை

திருப்பூர்ல இருக்கிற என் மச்சினன் போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணினான். மும்முனை கரண்ட் வந்திருந்த நேரம், நான் மோட்டார் போடக் கிளம்பிக்கிட்டு இருந்தேன்.

"மச்சான், வீட்டுல இருந்தா ராசின்னு ஒருத்தர் சொன்னாரு. ஒரு ஆமை வாங்கிட்டேன். உள்ளங்கை அளவுதான். முதுகுல மஞ்சக் கோடு கோடா நட்சத்திரம் போட்ட மாதிரி இருக்கு. நீங்கதான் ஆமை வளர்த்தவராச்சே, என்ன தீனி போட்டா நல்லா வளரும்?"

எங்க பக்கம் ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. இப்ப அதே ஆமையைக் காசு குடுத்து வாங்கி ராசிக்கு வைக்கிற காலம் வந்திருச்சு. நட்சத்திர ஆமையை வச்சிருந்தா அமீனா வராட்டியும் வனத்துறை வரும்னு அவனுக்குத் தெரியலை. எனக்கும் ஒரு காலத்துல தெரியாது. தெரிஞ்ச பிறகும் ஒன்றரை வருசம் வச்சிருந்தேன். அந்தத் தப்பையும் சேர்த்தேதான் இதுல எழுதப் போறேன். தீனியைப் பத்தி மட்டும் எழுதிட்டு அதை விட்டா நல்லா இருக்காது.

2020 புரட்டாசி. மக்காச்சோளம் விதைக்க வாடகை டிராக்டர் வச்சு ரோட்டவேட்டர் ஓட்டிக்கிட்டு இருந்தோம். ஓடை ஓரத்துல பத்து செண்டு இடம் ரொம்ப நாளா முள்ளும் புல்லுமா கிடந்தது, அதையும் சேர்த்து அடிச்சிரலாம்னு நான்தான் சொன்னேன். ரெண்டு சால் போனதும் டிரைவர் தம்பி வண்டியை நிறுத்திட்டுக் கத்தினான். போய்ப் பார்த்தா ஒரு குட்டி ஆமை மல்லாந்து கிடக்கு. பின்பக்க ஓட்டு விளிம்புல கத்தி பட்டு ஒரு சில்லு பேந்திருந்தது, ரத்தம் கசிஞ்சது. இன்னும் ஒரு விரல் உள்ள பட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

கொரோனா நேரம். பஸ்ஸு ஒழுங்கா கிடையாது. மாட்டு டாக்டரைப் பார்க்கவே அல்லாடணும், ஆமைக்கு எங்க போக? துண்டுல சுத்தி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா வாசல்லயே நிறுத்தி, "அதை முதல்ல வெளிய விட்டுட்டு வா"ன்னு அந்தப் பழமொழியைச் சொன்னாங்க. காயத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் அவங்களே மஞ்சளை அரைச்சு எடுத்துட்டு வந்தாங்க.

இருபது நாள்ல காயம் காஞ்சிருச்சு. அன்னைக்கே ஓடை ஓரத்துல கொண்டு விட்டிருக்கணும். விடலை. அப்பா தவறி ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. அம்மா யார்கிட்டயும் சரியாப் பேசறதில்லை. இந்த ஆமை வந்த பிறகு திண்ணையில உக்காந்து அதோட பேசிக்கிட்டு இருந்தாங்க. பேரும் வச்சிட்டாங்க, ராசுன்னு. தட்டுச் சத்தம் கேட்டாப் போதும், அட்டைப் பெட்டிக்குள்ள இருந்து தலையை நீட்டும். "வாடா ராசு"ன்னு கூப்பிட்டா நடந்து வரும். அதைப் பார்த்த பிறகு கொண்டு போய் விட எனக்கு மனசு வரலை.

அம்மா போட்ட சாப்பாடு என்னன்னா, காலையில பால்ல நனைச்ச பிஸ்கட். மத்தியானம் தயிர்சோறு. சாயங்காலம் வாழைப்பழமோ தக்காளியோ. எப்பவாவது பருப்புச் சோறு, கூடவே அவிச்ச முட்டை கொஞ்சம். வாரம் ஒரு தடவை ஓட்டுல தேங்காய் எண்ணெய் தடவி விடுவாங்க, பளபளன்னு இருக்கும். நாய், காக்காய் தூக்கிரும்னு பயந்து வீட்டுக்குள்ளயே வச்சிருந்தோம். ஒரு பிள்ளையை வளர்க்கிற மாதிரிதான் வளர்த்தாங்க.

வளர்ந்துச்சு, அதையும் சொல்லணும். வந்த புதுசுல மளிகைக்கடைத் தராசுல வச்சப்ப 160 கிராம். அடுத்த வருசம் தீபாவளிக்கு 640 கிராம். கடைக்காரர் அசந்து போனார். அம்மாவுக்குப் பெருமை தாங்கலை. எனக்கும் சந்தோசம்தான். எடை ஏறினா நல்லா இருக்குன்னு அர்த்தம்னு நினைக்கிற ஆளு நான். ஆடு மாடு வச்சிருக்கிறவன் எல்லாருக்கும் அந்தப் புத்திதான்.

அந்தக் கார்த்திகையிலதான் கவனிச்சேன். முதுகுல ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பா மேல எழும்பியிருந்தது. நட்சத்திர ஆமைக்கு இயல்பாவே கொஞ்சம் மேடு உண்டு. இது அப்படி இல்லை, மலைமலையா நின்னது. மூக்கு கிளி அலகு மாதிரி நீண்டு வளைஞ்சிருந்தது. வெளிக்கிப் போறது தண்ணியா, நாத்தமா. நடக்கும்போது பின்னங்கால் இழுத்துச்சு. கையில எடுத்து அடிப்பக்கத்துல பெருவிரலை வச்சா, சரியாக் காயாத வடகம் மாதிரி அமுங்குச்சு. ஓடு அமுங்குற ஆமையை அன்னைக்குத்தான் முதல்முதலாப் பார்த்தேன்.

மாட்டுக்குச் சினை ஊசி போடப் போன அன்னைக்கு இதையும் ஒரு மஞ்சப்பையில வச்சு எடுத்துட்டுப் போனேன். புதுசா வந்திருந்த டாக்டரம்மா பையைத் திறந்து பார்த்ததும் முதல்ல கேட்டது, "இதை நீங்க வீட்டுல வச்சிருக்கக் கூடாது, தெரியுமா?" நான் முழிச்சேன். "வனத்துறையில ஒப்படைக்கணும். ஆனா இப்ப இருக்கிற நிலைமையில முதல்ல இது பிழைக்கணும்"னுட்டு என்ன தீனி போடுறீங்கன்னு கேட்டாங்க. நான் ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல அவங்க முகம் மாறிக்கிட்டே போச்சு.

அப்புறம் என் பாஷையிலயே கேட்டாங்க. "பொங்கலுக்கு மிச்சச் சோத்தை அளவில்லாம மாட்டுக்கு வச்சா என்னங்க ஆகும்?"

அது எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்துல ஒரு கறவை மாடு கல்யாண வீட்டுச் சோத்தைக் குண்டாவோட தின்னு, வயிறு உப்பி, விடியறதுக்குள்ள போயிருச்சு. வயித்துல புளிப்பு ஏறி, புல்லைச் செரிக்க வைக்கிற கிருமியெல்லாம் செத்துப்போகும்.

"இதுவும் புல்லு திங்கிற உடம்புதாங்க. அசை போடாது. ஆனா இதுக்குக் குடல்ல பின்பக்கம் அதே மாதிரி கிருமிகள் இருக்கு. நாரு போனாத்தான் அது வேலை செய்யும். நீங்க ஒரு வருசமா தினமும் கல்யாணச் சோறு போட்டிருக்கீங்க"ன்னாங்க. பாலைச் செரிக்கிற சக்தி இந்தப் பிராணிக்கே கிடையாதாம். பால் குடிச்சு வளர்ற சாதி இல்லையே அது, முட்டையில இருந்து வர்றது. இது யோசிச்சா நமக்கே தெரியவேண்டிய விசயம்தான்.

ஓட்டு விசயமும் சொன்னாங்க. ஆமையோட ஓடு நத்தைக்கு இருக்கிற கூடு மாதிரி தனியா மாட்டி வச்சது இல்லை. அதோட முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து விரிஞ்சதுதான் ஓடு. மேல நம்ம நகம் மாதிரி ஒரு தகடு. அதனால எலும்புக்கு என்ன வேணுமோ அதுதான் ஓட்டுக்கும் வேணும், சுண்ணாம்புச் சத்து. தீனியில சுண்ணாம்புச் சத்து, மணிச்சத்தைப் போல ரெண்டு மடங்காவது இருக்கணுமாம். சோறு, பருப்பு, வாழைப்பழம், தக்காளி எல்லாத்துலயும் இது தலைகீழ், மணிச்சத்துதான் கூட. அப்ப உடம்பு என்ன பண்ணும்? இருக்கிற எலும்புல இருந்து உருவி ரத்தத்துக்குக் குடுக்கும். கன்னு போட்ட மாடு பால் காய்ச்சல்ல விழுறதை நம்ம எல்லாரும் பார்த்திருக்கோம், நரம்புல கால்சியம் ஏத்தினா அரைமணியில எந்திரிக்கும். மாட்டுக்கு அது ஒரு நாள்ல தெரியும். ஆமைக்கு வருசக்கணக்கா உள்ளுக்குள்ளயே நடந்து, ஓடு அமுங்கும்போதுதான் நமக்குத் தெரியுது.

இன்னொரு பாதி வெயில். சுண்ணாம்பைத் தின்னாலும் அது உடம்புல சேர டி விட்டமின் வேணும். அது தோல்ல நேரா வெயில் பட்டாத்தான் ஊறும். கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில் அதுக்கு உதவாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்திரும். நாங்க ஒரு வருசமா இருட்டுத் தாழ்வாரத்துல அட்டைப் பெட்டிக்குள்ள வச்சிருந்தோம். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர்ல வெயில் இல்லாம ஒரு உயிரு எலும்பு உருகியிருக்கு.

கால்சியம் சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க. எத்தனை சொட்டுன்னு இங்க எழுதமாட்டேன், அது எடையைப் பார்த்து டாக்டர் சொல்ற கணக்கு. மாட்டுக்கு வச்சிருக்கிற தாது உப்பை எடுத்துப் போட்டுறாதீங்கன்னும் சொன்னாங்க. நான் அதைத்தான் மனசுல நினைச்சுக்கிட்டு இருந்தேன். எப்படிக் கண்டுபிடிச்சாங்களோ.

கிளம்பும்போது திருப்பிப் பார்த்துட்டு, "அடிப்பக்கம் தட்டையா இருக்கு, வாலும் குட்டை. இது பொண்ணுங்க"ன்னாங்க. ஆணுக்கு அடி ஓடு கொஞ்சம் குழிஞ்சிருக்குமாம், வால் நீளமாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ராசு இல்லை ராசாத்தின்னதும் அம்மா சிரிச்சாங்க. சோறு ஆகாதுன்னு சொன்னதும் சிரிப்பு நின்னுருச்சு.

அம்மாவுக்குச் சக்கரை. ரெண்டு வருசமா அவங்க சோத்தை நாங்கதான் குறைச்சு வச்சிருந்தோம். "எனக்கும் சோறு கிடையாதுன்னுட்டீங்க. வாயில்லாச் சீவனுக்கும் கிடையாதா? நான் சோறு போட்டுத்தான் அது நொண்டியாச்சுன்னு சொல்றியா?"ன்னு கேட்டாங்க. நான் அப்படிச் சொல்லலை. ஆனா அதுதானே விசயம். என்ன பதில் சொல்றது? மூணு நாள் என்கூடப் பேசலை. நாலாம் நாள் பார்த்தா ஆமை மூக்குல ஒரு சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கு. எனக்குக் கோவம் வந்து கத்திட்டேன். அதை நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு. அம்மா ஒண்ணும் சொல்லலை, முந்தானையால அந்தப் பருக்கையைத் துடைச்சு விட்டாங்க.

அடுத்த தொல்லை, புல்லைப் போட்டா அது திங்க மாட்டேங்குது. ஒரு வருசம் இனிப்பும் சோறும் தின்ன வாயி. அருகம்புல்லை முகர்ந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும். ஒன்பது நாள் பட்டினி. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா, "தண்ணி காட்டுங்க, வெயில்ல விடுங்க, மனசு இரங்கி சோறு போட்டுறாதீங்க"ன்னாங்க. அவங்க சொன்ன வழிதான் கடைசியில பலிச்சது. புல்லையும் இலையையும் பொடியா நறுக்கி, அதுல ஒரு துண்டு தக்காளியைப் பிசைஞ்சு பூசி விடணும். வாசனைக்கு வாய் வைக்கும். ஒவ்வொரு வாரமும் தக்காளியைக் குறைச்சுக்கிட்டே வரணும். அஞ்சு வாரத்துல தக்காளி இல்லாமலே தின்ன ஆரம்பிச்சிருச்சு.

இந்த நறுக்குற வேலையை அம்மாகிட்டக் குடுத்தேன். சமாதானத்துக்காகக் குடுத்த வேலைதான். ஆனா ரெண்டே வாரத்துல அவங்க எனக்கு வாத்தியார் ஆயிட்டாங்க. அறுபது வருசம் களை எடுத்த கை. வரப்புல என்ன முளைக்குது, எதை ஆடு திங்கும், எதைத் தொடாது, எது எந்த மாசம் தளிர் விடும், எல்லாம் அத்துபடி. "களைன்னு பிடுங்கிக் கொட்டுனதெல்லாம் இதுக்குச் சோறாடா"ன்னு ஆச்சரியப்பட்டாங்க. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னால மடியில பறிச்சுட்டு வந்திருவாங்க.

அப்ப நாங்க போட்டது இதுதான். முக்கால் பங்கு புல்லு, அருகம்புல்லும் வரப்புல முளைக்கிற இளம்புல்லும். மீதியில துத்தி இலை, கோவைக்கொடி, வெட்டுக்காயப்பூண்டு, செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை. சப்பாத்திக்கள்ளி மடலை முள்ளு போக நெருப்புல வாட்டிச் சீவிப் போட்டா கடிச்சு இழுக்கும், அதுல சுண்ணாம்புச் சத்தும் தண்ணியும் நிறைய. முருங்கைக் கீரையிலயும் சுண்ணாம்பு உண்டு, ஆனா புரதமும் கூட. அதனால ஒரு கைப்பிடி, வாரத்துல ரெண்டு நாள். வேலிமசால் ஆட்டுக்கு நல்லது, இதுக்கு எப்பவாவது. பூசணித் துண்டு பத்து நாளைக்கு ஒரு தடவை. பழம் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, அதுவும் கொசுறு மாதிரி.

கீரைன்னாலே நல்லதுன்னு நான் நினைச்சிருந்தேன். தண்டுக்கீரை, அரைக்கீரை, பாலக் இதையெல்லாம் தினமும் போடக் கூடாதாம். அதுல இருக்கிற ஒரு அமிலம் சுண்ணாம்பைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேரவிடாது. முட்டைக்கோஸ், காலிபிளவர் இலையும் எப்பவாவதுன்னா சரி. பருப்பு, முட்டை, கறி, நாய் பிஸ்கட் எதுவுமே ஆகாது. காட்டுல எப்பவாவது ஒரு நத்தையோ செத்த பூச்சியோ தின்னுமாம், அதுக்காக நாம தினமும் குடுக்கக் கூடாது. புரதம் கூடினா ஒடம்பு ஊதும், சிறுநீரகம் கெடும். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உன்னிச்செடி, பார்த்தீனியம் இதெல்லாம் விசம், ஆமை உலாத்துற இடத்துலயே இருக்கக் கூடாது.

ஓடு தேற ஒரு பொருள் நாட்டு மருந்துக் கடையில கிடைச்சது. கடல்நுரை. கணவாய் மீனோட முதுகு ஓடு அது, வெள்ளையா லேசா இருக்கும். கூண்டுப் பறவைக்குத் தொங்க விடுவாங்களே, அதுதான். ஒரு துண்டைப் போட்டு வச்சா தேவைப்படும்போது கடிச்சுக்கும். அலகும் தேயும். இல்லாட்டி முட்டை ஓட்டை நல்லா வேகவச்சுக் காயப்போட்டு மாவாக்கி இலை மேல லேசா தூவலாம். வளைஞ்சிருந்த அலகை முதல் தடவை டாக்டரம்மா தேச்சு விட்டாங்க, அப்புறம் நார்ப்புல்லு தின்னு தானாவே அளவுக்கு வந்திருச்சு.

தண்ணி விசயத்துல நான் ரொம்ப அலட்சியமா இருந்தேன். காட்டாமைதானே, எங்க குடிக்கப் போகுதுன்னு நினைப்பு. வெதுவெதுன்னு தண்ணியைத் தாம்பாளத்துல தாடை நனையிற அளவு மட்டும் ஊத்தி, கால்மணி நேரம் விடச் சொன்னாங்க. முதல் நாள் தலையை உள்ள விட்டு மடமடன்னு குடிச்சது பாருங்க, எனக்கு வெக்கமா போச்சு. குடிச்சு முடிச்சதும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா மூத்திரத்தோட வெளிய தள்ளிச்சு. தண்ணி பத்தலைன்னா அதுதான் உள்ளயே இறுகிக் கல்லாகும். முதுகு கூம்பாப் போறதுக்கும் வெறும் தீனி மட்டும் காரணம் இல்லையாம். 2003-ல ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வச்சு ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, அதுல புரதத்தை விடக் காத்துல ஈரம் இல்லாம வளர்றதுதான் பெரிய காரணம்னு தெரிஞ்சதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா இங்கயும் அது ஐப்பசி மழையில புல்லு பச்சையா இருக்கும்போதுதான் திரியும். கோடையில புதருக்கடியில மண்ணோட ஒட்டி, ஈரத்துல பதுங்கிக் கிடக்கும். நாம காஞ்ச அட்டைப் பெட்டியில வச்சிருந்தோம். எண்ணெய் தடவுறதையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அழுக்கும் பூஞ்சையும் பிடிக்கிறது தவிர அதுல ஒரு பிரயோசனமும் இல்லை.

கொல்லையில பத்தடிக்கு எட்டடி செங்கல் வச்சு ஒரு கட்டு கட்டினேன். பாதி வெயில், பாதி கீத்துப் பந்தல். முழு வெயில்ல விட்டா அரைமணியில வெந்து செத்துப்போகும், தானா நிழலுக்குப் போக இடம் வேணும். கீரி, காக்காய் வராம மேல மீன்வலை. நிழல் பக்கம் மண்ணைக் கொத்திவிட்டுக் காலையில தண்ணி தெளிச்சு வச்சேன். தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுறதும் அப்ப வந்த பழக்கம்தான், அதோட உடம்புல வயித்துப்போக்குக் கிருமி இருக்கும்னு சொன்னாங்க. சின்னப் பிள்ளைக இருக்கிற வீட்டுல இது முக்கியம்.

எடையைப் பத்திச் சொல்லணும். தீனியை மாத்தின முதல் மாசம் 640-ல இருந்து 610-க்கு இறங்கிருச்சு. அம்மா அழுதே விட்டாங்க, பட்டினி போட்டுக் கொல்றேன்னு. டாக்டரம்மா, "நாப்பது நாள்ல ரெண்டு கிலோ வர்றதுக்கு இது பிராய்லர் கோழியா? இது மெதுவா வளரணும். மெதுவா வளர்ந்தாத்தான் எலும்பு கூடவே வரும்"னாங்க. அதுக்கப்புறம் மாசம் அஞ்சு கிராம், எட்டு கிராம்னு ஏறினது. ஆறு மாசம் கழிச்சு விரலை வச்சு அமுக்கினேன், அமுங்கலை. பின்னங்கால் ஊன்றி நடந்துச்சு. ஒவ்வொரு கட்டத்தோட ஓரத்துலயும் புதுசா ஒரு வளையம் வளர்ந்திருந்தது, அது சமமா, வழுவழுன்னு இருந்தது. பழைய கூம்பு மட்டும் அப்படியே நின்னது. அது சாகுற வரைக்கும் போகாது.

இதுல எங்க தோட்டத்துக்கும் ஒரு மாறுதல் வந்தது. நான் வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கிற ஆளு. கூலி கட்டுபடியாகலை, வேற என்ன செய்ய. ஒரு நாள் டேங்கைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கிழக்கு வரப்புக்குப் போனா, அம்மா குறுக்க வந்து நின்னுட்டாங்க. "இது அது திங்கிற இடம். இதுல அடிச்சேன்னா நான் அந்தப் புல்லைத்தான் திம்பேன்." அன்னைல இருந்து கிழக்கு வரப்புக்கு மருந்து கிடையாது. பக்கத்துக் காட்டுக்காரர் அடிக்கும்போது காத்துல வர்றதுக்காக அந்தப் பக்கத்துல இருந்து பத்தடி விட்டுத்தான் பறிப்பாங்க. பருத்திக்கு மருந்தடிச்ச நாள்ல இருந்து எத்தனை நாளைக்கு எந்தப் பக்கம் பறிக்கக் கூடாதுன்னு அவங்க காலண்டர்ல கோடு போட்டு வச்சிருந்தாங்க. நாம திங்கிற கத்திரிக்காய்க்கு நான் இவ்வளவு கணக்குப் பார்த்தது இல்லைன்னு அப்ப உறைச்சது.

தேறின பிறகும் நான் ஒப்படைக்கலை. ஒவ்வொரு தடவை மாட்டோட போகும்போதும் டாக்டரம்மா கேட்பாங்க, நானும் அடுத்த மாசம்னு சொல்லுவேன். ஒரு பக்கம் அம்மா. இன்னொரு பக்கம் பயம், போனா கேஸ் போட்டுருவாங்களோன்னு. 1972-லயே வந்த வன உயிரினச் சட்டத்துல இதை வளர்க்கிறதும் விக்கிறதும் தடை. 2019-ல நாடு விட்டு நாடு வியாபாரத்துக்கும் உலக அளவுல முழுத் தடை போட்டாங்க. 2022 திருத்தத்துல இதை முதல் அட்டவணையிலயே சேர்த்துட்டாங்க, புலி யானை இருக்கிற வரிசை. சென்னை விமான நிலையத்துல பெட்டி பெட்டியாப் பிடிபடுறதாப் பேப்பர்ல வர்றதெல்லாம் இந்த ஆமைதான். நான் விக்கலையே, காப்பாத்தத்தானே செஞ்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். காப்பாத்தினது முதல் இருபது நாள்தான். அதுக்கப்புறம் வச்சிருந்தது எங்களுக்காக.

2023 ஆனியில ஒரு லெட்டர் எழுதி, எங்க கிடைச்சது, என்ன வைத்தியம் பார்த்ததுன்னு எல்லாம் சேர்த்து, டாக்டரம்மாவையே போன்ல ஒரு வார்த்தை பேசச் சொல்லிட்டுக் கொண்டு போய்க் குடுத்தேன். நல்லாத் திட்டினாங்க. வாங்க வேண்டிய திட்டுதான். எழுதி வாங்கிக்கிட்டு விட்டாங்க. கொஞ்ச நாள் வச்சுப் பார்த்துட்டு, காட்டுல விடலாமா, இல்ல வச்சுப் பராமரிக்கிற இடத்துக்கு அனுப்பணுமான்னு முடிவு பண்ணுவோம்னாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அம்மா மடியில கட்டிக் குடுத்துவிட்ட துத்தி இலையை அங்கேயே வச்சுட்டு வந்தேன்.

கிழக்கு வரப்புல இன்னும் மருந்து அடிக்கிறதில்லை. பறிக்கிறது ஆட்டுக்குட்டிக்குப் போகுது.

சரி, மச்சினன் கதைக்கு வர்றேன். அவன்கிட்ட முதல்ல, காசு குடுத்து வாங்கினதே குத்தம்டா, நீ குடுத்த காசுல அவன் இன்னும் நாலு பிடிப்பான்னு சொன்னேன். அவனுக்குக் கோவம். "நீங்க மட்டும் மூணு வருசம் வச்சிருக்கலையா?"ன்னு கேட்டான். கேட்கத்தான் செய்வான். கடையில கண்ணாடித் தொட்டியில விக்கிறாங்களே, காதுக்கிட்ட சிவப்புக் கோடு போட்ட தண்ணி ஆமை, அதுவும் இதுவும் ஒண்ணுதானேன்னான். ஒண்ணு இல்லை. அது வெளிநாட்டு ஆமை, தண்ணியிலயே கிடக்கும், குட்டியில மீன் புழு எல்லாம் தின்னும். நட்சத்திர ஆமையை அது மாதிரி தொட்டித் தண்ணியில விட்டா மூழ்கிச் செத்துப்போகும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வனத்துறை ஆபீஸ்ல கொண்டு போய்க் குடு. அது வரைக்கும் மருந்தடிக்காத புல்லு, தாம்பாளத்துல தண்ணி, காலை வெயில், நிழல். வேற ஒண்ணும் வேண்டாம்"னேன். "பால் கொஞ்சம் குடுக்கலாமா மச்சான், ரொம்பச் சின்னதா இருக்கே?"ன்னு கேட்டான்.

நான் பதில் சொல்றதுக்குள்ள பக்கத்துல இருந்த அம்மா போனைப் பிடுங்கிட்டாங்க. "ஐயா, நான் அத்தை பேசறேன். பாலு சோறு ரெண்டும் போட்டுராத. நான் போட்டேன்யா, அதான் சொல்றேன்"னாங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சரிங்கத்தைன்னான்.

இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் கொண்டு போகலைன்னு அவன் பொண்டாட்டி சொல்லுது. ஞாயித்துக்கிழமை காலையில நானே பஸ் ஏறிப் போறதா இருக்கேன்.